நோயாளியின் ரகசியமும் உங்கள் கம்ப்யூட்டரும்: ஹிப்பா விதிகள் பற்றி ஒரு பாடம்

அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், அவர் பேசிப் பதிவு செய்த குறிப்பை யாராவது டைப் செய்ய வேண்டும். நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்களைப் போட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பில் அனுப்ப வேண்டும். இந்த வேலைகளில் ஒரு பங்கு சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் நடக்கிறது. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், மெடிக்கல் கோடிங், மெடிக்கல் பில்லிங் என்று நீங்கள் பார்க்கும் விளம்பரங்கள் இவற்றுக்குத்தான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் இந்த வேலையை வீட்டிலிருந்தே செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் அதற்கு முன் ஒரு பாடம் படிக்க வேண்டும். அதன் பெயர் ஹிப்பா.

நான் அமெரிக்க கிளினிக்குகளுக்கான பில்லிங் சாப்ட்வேரை எழுதும் வேலையில் இருப்பவன். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் பேசும்போது ஒன்று தெரிகிறது. எலும்பு, நரம்பு, மருந்துப் பெயர்களை எல்லாம் மாதக் கணக்கில் படித்து விட்டு வருகிறார்கள். ஹிப்பா மட்டும் ஒரு மணி நேர வகுப்பு, பத்துக் கேள்விகள் என்று முடிந்து விடுகிறது. "நோயாளியின் பெயரை வெளியே சொல்லாதே, பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே" என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் நினைவில் இருப்பதில்லை. இதனால் இரண்டு நம்பிக்கைகள் மனதில் ஊறிப் போகின்றன. பெயரை எடுத்து விட்டால் ஆள் தெரியாது என்பது ஒன்று. பைலை டெலீட் செய்தால் அது போய் விட்டது என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. எப்படி என்று விளக்கமாகப் பார்ப்போம்.

ஹிப்பா என்ன சொல்கிறது?

ஹிப்பா 1996ம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் கையெழுத்தான சட்டம். வேலை மாறினாலும் மருத்துவ இன்சூரன்ஸ் அறுந்து போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் நோக்கம். நோயாளி ரகசியம் பற்றிய விதிகள் அதன் கீழ் பின்னால் வந்தவை. அவற்றை 2003 ஏப்ரல் முதல் கடைப்பிடிக்க வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டரில் உள்ள தகவல்களைக் காப்பதற்கான தனி விதிகள் 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று தோன்றலாம். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மனநல மருந்து சாப்பிடுகிறார், கருவுற்றிருக்கிறார் என்பது அவருடைய முதலாளிக்கோ வீட்டு உரிமையாளருக்கோ தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாங்க் கார்டு எண் திருடு போனால் புது எண் வாங்கலாம். வெளியே தெரிந்து போன நோயைத் திரும்ப ரகசியமாக்க எந்தக் கஸ்டமர் கேரிலும் வழி கிடையாது.

"அது அமெரிக்கச் சட்டம், இங்கே இருக்கும் என்னை என்ன செய்யும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்தச் சட்டம் இங்கே ஒப்பந்தத்தின் வழியாக வந்து சேருகிறது. மருத்துவமனை தனக்கு வேலை செய்யும் ஒவ்வொரு கம்பெனியோடும் ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட வேண்டும். அந்தக் கம்பெனி இன்னொருவரிடம் வேலையைக் கொடுத்தால் அவரோடும் போட வேண்டும். நீங்கள் வேலையில் சேரும்போது கையெழுத்துப் போடும் தாள்களில் இதன் வாசகங்கள் இருக்கும். ஒப்பந்தத்தின் மூலம் கையில் வந்த தனிநபர் தகவலை, பிறருக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே வெளியிடுவது நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவின்படியும் சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம்.

கை மாறிக் கை மாறி

2003 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு இமெயில் வந்தது. அனுப்பியவர் பாகிஸ்தானில் கராச்சியில் இருந்து டிரான்ஸ்கிரிப்ஷன் செய்த ஒரு பெண். தனக்கு வர வேண்டிய பணம் வரவில்லை, வராவிட்டால் நோயாளிகளின் குறிப்புகளை இன்டர்நெட்டில் போட்டு விடுவேன் என்று எழுதியிருந்தார். உண்மைதான் என்று காட்ட நோயாளிகளின் பைல்களையும் இணைத்திருந்தார்.

மருத்துவமனைக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அவர்கள் வேலையைக் கொடுத்தது பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்றுக்கு. அந்தக் கம்பெனி புளோரிடாவில் ஒருவருக்குக் கொடுத்தது. அவர் டெக்சாசில் இன்னொருவருக்குக் கொடுத்தார். அங்கிருந்துதான் கராச்சிக்குப் போனது. கடைசியில் மிரட்டலை அந்தப் பெண் திரும்பப் பெற்றுக் கொண்டார்.

இந்தச் செய்தியைப் படிக்கும் எல்லோரும் மிரட்டலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதை விட முக்கியமாகப் படுவது கை மாறிய கணக்கு. நான்கு கை மாறிய பைலுக்கு எத்தனை கம்ப்யூட்டர்களில் நகல் தங்கியிருக்கும்? பின்னர் 2009ம் ஆண்டுச் சட்டமும் 2013ம் ஆண்டு விதிகளும் வந்தபோது, இப்படிக் கை மாற்றி வாங்கும் ஒவ்வொருவரும் நேரடிப் பொறுப்புக்கு உள்ளானார்கள். எனவே "எனக்கு நிறைய வேலை இருக்கிறது, கொஞ்சம் நீ டைப் செய்து கொடு" என்று தங்கையிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ ஆடியோ பைலைக் கொடுக்காதீர்கள். அவர்கள் எவ்வளவு நம்பிக்கையானவர்கள் என்பது இங்கே கேள்வியே இல்லை. அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

பெயரை எடுத்து விட்டால் போதுமா?

போதாது. ஒரு ஆவணத்தில் ஆளை அடையாளம் காட்டக் கூடியவை என்று ஹிப்பா 18 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. பெயர், போன் நம்பர், இமெயில், போட்டோ போன்றவை யாருக்கும் தோன்றும். தோன்றாதவையும் அதில் உண்டு. பிறந்த தேதி, ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி ஆகியவற்றில் வருடத்தை மட்டுமே விட்டு வைக்கலாம். மாநிலத்தை விடச் சிறிய இடப் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. வயது 89க்கு மேல் என்றால் அதையும் சொல்லக் கூடாது, 90 அல்லது அதற்கு மேல் என்று பொதுவாகத்தான் சொல்ல வேண்டும். ஒரு ஊரில் 103 வயதுக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்! வண்டி நம்பர், இதயத்தில் வைத்த பேஸ்மேக்கரின் சீரியல் நம்பர், கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி ஆகியவையும் பட்டியலில் இருக்கின்றன.

இவ்வளவு கறார் ஏன் என்பதற்கு லடான்யா ஸ்வீனி என்ற கம்ப்யூட்டர் அறிஞர் செய்து காட்டியதைச் சொல்ல வேண்டும். 1990களில் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியர்களின் மருத்துவமனைத் தகவல்களை ஆராய்ச்சிக்காகக் கொடுத்தது. பெயர், முகவரி எல்லாம் நீக்கப்பட்டு விட்டன, பயமில்லை என்று கவர்னர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். அப்போது மாணவியாக இருந்த ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். அதில் பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், ஆணா பெண்ணா என்பவை இருந்தன. மருத்துவத் தகவலிலும் அதே மூன்றும் இருந்தன. கவர்னரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர். அதில் ஆண்கள் மூன்று பேர். கவர்னரின் அஞ்சல் எண்ணில் வசித்தவர் ஒரே ஒருவர். கவர்னரின் மருத்துவக் குறிப்பு கையில் கிடைத்து விட்டது. அந்த மூன்று விவரங்கள் மட்டும் இருந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்து விடலாம் என்று 2000ல் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

இங்கே செய்தது பெரிய ஹேக்கிங் வேலை ஒன்றும் இல்லை. இரண்டு பட்டியல்களை எக்செல்லில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது போன்ற வேலைதான். அதனால்தான் சந்தேகம் கேட்பதற்காகக் கூட ஒரு ரிப்போர்ட்டின் பகுதியை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள் என்கிறேன். பெயர் இல்லாவிட்டாலும் வாக்கியத்துக்குள் ஆள் ஒளிந்திருப்பார். "ஊரின் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் 52 வயதுப் பெண், போன வாரம் நடந்த பள்ளிப் பஸ் விபத்தில் காயம் பட்டவர்" என்று இருந்தால் பெயர் எதற்கு? ஒரு மருந்தின் பெயர் காதில் சரியாக விழவில்லை என்றால் அந்த ஒரு சொல்லை மட்டும், அதுவும் உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். இன்று செயற்கை நுண்ணறிவு சாட் புரோகிராம்களில் முழு ரிப்போர்ட்டையும் ஒட்டி "சரி செய்து கொடு" என்று கேட்கிற பழக்கமும் வந்திருக்கிறது. அந்தப் புரோகிராமை நடத்தும் கம்பெனி உங்கள் ஒப்பந்தச் சங்கிலியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ஒரு வெளி ஆளிடம் கொடுத்ததாகவே கணக்கு.

எக்செல் பற்றி ஒரு குறிப்பு. பெயர் உள்ள காலத்தை ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுத்து விட்டு, பைலை இமெயிலில் அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்குபவர் அன்ஹைட் கொடுத்தால் எல்லாம் வந்து நிற்கும். பி.டி.எப். பைலில் பெயர் மேல் கறுப்புக் கட்டம் வரைவதும் இதே கதைதான். கட்டத்துக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கும், காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால் தெரிந்து விடும். வேர்டிலும் எக்செல்லிலும் பைல் மெனுவில் இன்போ என்பதில் கிளிக் செய்து, செக் பார் இஷ்யூஸ் பட்டனை அழுத்தி, இன்ஸ்பெக்ட் டாகுமென்ட் தேர்ந்தெடுங்கள். மறைந்திருக்கும் காலங்கள், குறிப்புகள், எழுதியவர் பெயர் ஆகியவற்றைத் தேடிக் காட்டும். ரிமூவ் ஆல் கொடுத்தால் நீக்கி விடும். முதலில் பைலின் நகலில் இதைச் செய்து பழகுங்கள்.

பார்க்கும் உரிமையும் பார்க்கும் ஆசையும்

வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டுமே பார்க்கலாம் என்பது ஹிப்பாவின் ஒரு அடிப்படை விதி. பில் போடுபவருக்கு மனநல டாக்டரின் முழுக் குறிப்பு தேவையில்லை. பாஸ்வேர்ட் இருப்பதால் எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. லாஸ் ஏஞ்சல்சில் ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையின் ஊழியர் ஒருவர் சினிமா நட்சத்திரங்கள், உடன் வேலை செய்பவர்கள் ஆகியோரின் குறிப்புகளைத் திறந்து படித்தார். அவர் யாருக்கும் விற்கவில்லை, சும்மா பார்த்தார். 2010ல் நான்கு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. மருத்துவமனைச் சாப்ட்வேர்களில் லாக் பைல் என்று ஒன்று உண்டு. யார், எப்போது, எந்த நோயாளியின் பக்கத்தைத் திறந்தார் என்பதை இந்த மாதிரி சாப்ட்வேர்கள் வரி வரியாகக் குறித்து வைக்கும். அந்தப் பகுதியை எழுதுவது எங்களைப் போன்றவர்கள்தான், எனவே நம்பலாம்.

உங்கள் கம்ப்யூட்டர் எடுக்கும் நகல்கள்

இப்போது இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து, திருத்தி, அனுப்பி விட்டு டெலீட் செய்கிறீர்கள். இப்போது அது எங்கெல்லாம் இருக்கலாம் தெரியுமா? பிரவுசரின் டவுன்லோட்ஸ் போல்டரில் முதல் நகல். ரீசைக்கிள் பின்னில் இன்னொன்று. கரண்ட் போனால் காப்பாற்றுவதற்காக வேர்ட் தானே எடுத்து வைக்கும் ஆட்டோ ரெகவர் நகல் ஒன்று. விண்டோஸ் 11ல் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் போல்டர்கள் ஒன்டிரைவில் பேக்கப் ஆகும்படி அமைந்திருந்தால், மைக்ரோசாப்ட்டின் சர்வரில் ஒன்று. கிளிப்போர்டு ஹிஸ்டரியை ஆன் செய்திருந்தால் நீங்கள் காப்பி செய்த வரிகள் அங்கே. விண்டோஸ் கீயுடன் வி அழுத்திப் பாருங்கள், வரிசையாக நிற்கும். இவற்றில் ஒன்றைக் கூட நீங்கள் கேட்டு எடுக்கவில்லை. உங்களுக்கு உதவி என்று நினைத்து கம்ப்யூட்டர் எடுத்தவை.

ஆகவே முதல் ஆலோசனை: பைல் உங்கள் டிஸ்க்குக்கு வராமலே வேலை செய்ய முடியுமா என்று கம்பெனியிடம் கேளுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் முறையில் பைல் கம்பெனியின் சர்வரிலேயே இருக்கும், உங்கள் திரையில் படம் மட்டும் வரும். இந்த வசதி தராமல், நோயாளி பைல்களை ஜிமெயிலில் அனுப்பும் கம்பெனி என்றால் அந்த வேலையை ஏற்காமல் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

டிஸ்க்கில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று காரியங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே பெயரில் லாக்-ஆன் செய்யும் வழக்கத்தை நிறுத்துங்கள். செட்டிங்ஸ் சென்று அக்கவுன்ட்ஸ், பின் அதர் யூசர்ஸ் பிரிவில் மற்றவர்களுக்குத் தனித் தனி அக்கவுன்ட் உருவாக்குங்கள். அவை ஸ்டாண்டர்ட் வகையாக இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுத்தால் உங்கள் போல்டருக்குள் அவர்களும் வந்து விடலாம். பாடல் டவுன்லோட் செய்கிறேன் என்று பையன் எதையாவது இன்ஸ்டால் செய்து வைரஸ் கொண்டு வருவதும் இதனால் குறையும். அடுத்து, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போவதற்கு முன் விண்டோஸ் கீயையும் எல் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். ஸ்கிரீன் பூட்டிக் கொள்ளும். ஒரு வாரத்தில் விரல் தானே அங்கே போகும்.

மூன்றாவது, டிஸ்க்கை என்கிரிப்ட் செய்வது. இதுதான் மிக முக்கியம். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று சென்று பாருங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள பல புதிய லேப்டாப்களில் இது உண்டு. புரொபஷனல் பதிப்பில் பிட்லாக்கர் என்ற பெயரில் கிடைக்கும். இதை ஆன் செய்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் சாவி இல்லாமல் படிக்க முடியாது. சாவி என்பது 48 இலக்க ரெகவரி கீ. அதைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். தொலைத்து விட்டால் டிஸ்க் பூட்டிக் கொள்ளும் நாளில் உங்களுக்கும் கிடைக்காது, மைக்ரோசாப்ட் வந்தும் திறக்க முடியாது. அமெரிக்க விதிகளில் இதற்கு ஒரு சலுகை உண்டு. முறையாக என்கிரிப்ட் செய்யப்பட்ட லேப்டாப் திருடு போய், சாவி அதோடு போகாமல் இருந்தால், நோயாளிகளுக்கு அறிவிக்க வேண்டிய தகவல் கசிவாக அது கருதப்படுவதில்லை.

இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்து விட்டது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரில் நோயாளி தகவலைத் திறக்காதீர்கள்.

பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது

2010ல் அமெரிக்காவின் சி.பி.எஸ். டெலிவிஷன் பயன்படுத்திய போட்டோகாப்பியர்களை வாங்கிப் பிரித்துப் பார்த்தது. அதில் ஒன்று முன்பு அபினிட்டி ஹெல்த் பிளான் என்ற இன்சூரன்ஸ் நிறுவனம் வாடகைக்கு வைத்திருந்தது. மெஷினுக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கில் அதில் நகல் எடுத்த மருத்துவத் தாள்கள் இருந்தன. இப்படித் திருப்பிக் கொடுத்த மெஷின்களால் 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2013ல் அந்த நிறுவனம் 12,15,780 டாலர் கட்டியது. ஜெராக்ஸ் மெஷினுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும் என்று அங்கே யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டெலீட் செய்யும்போது விண்டோஸ் அந்த இடம் காலி என்று குறித்துக் கொள்கிறது, அவ்வளவுதான். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் வேறு பைல் அதன் மேல் எழுதப்படும் வரை இலவச சாப்ட்வேர் ஒன்றே அதை மீட்டு விடும். க்விக் பார்மட் செய்தாலும் இப்படித்தான். க்விக் என்ற டிக்கை எடுத்து விட்டு முழு பார்மட் செய்தால், விஸ்டாவிலிருந்து வந்த விண்டோஸ்கள் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதுகின்றன. எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள் உள்ளே தகவலை இடம் மாற்றி மாற்றி வைப்பதால் மேலெழுதுவதை முழுதாக நம்ப முடியாது. அதற்கு, முதல் நாளே என்கிரிப்ட் செய்து வைத்து, விற்கும்போது ரிசெட் திஸ் பி.சி. சென்று ரிமூவ் எவ்ரிதிங், கிளீன் டேட்டா என்பவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்ல வழி. பழுதாகி ஆன் ஆகாத டிஸ்க் என்றால் கடைக்காரரிடம் கொடுக்காமல் கம்பெனியிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பென் டிரைவுக்கும் இது பொருந்தும்.

தவறு நடந்து விட்டால்

தவறான முகவரிக்கு இமெயில் போய் விட்டது, பஸ்ஸில் லேப்டாப் தொலைந்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். வேலை போய் விடும் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக் கொள்கிறார்கள். கசிவு தெரிய வந்ததிலிருந்து தேவையற்ற தாமதம் இல்லாமல், அதிகபட்சம் 60 நாட்களுக்குள் மருத்துவமனை நோயாளிகளுக்குக் கடிதம் அனுப்பியாக வேண்டும். 500 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் அமெரிக்க சுகாதாரத் துறைக்கும் அதே கெடுவுக்குள் சொல்ல வேண்டும். ஒரே மாநிலத்தில் 500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தால் பத்திரிகை, டெலிவிஷனுக்கும் தெரிவிக்க வேண்டும். நீங்கள் மறைக்கும் ஒவ்வொரு நாளும் தன் தகவல் கசிந்தது தெரியாமல் அந்த நோயாளி இருக்கிறார்.

அன்றே மேற்பார்வையாளருக்குப் போன் செய்யுங்கள். எந்த பைல், எத்தனை நோயாளிகள், எத்தனை மணிக்கு, யாருக்குப் போனது, டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்ததா என்பதை எழுதிக் கொடுங்கள். தவறாக வாங்கியவருக்கு நீங்களாக இமெயில் அனுப்பிக் கெஞ்சாதீர்கள், அதைக் கம்பெனி பார்த்துக் கொள்ளும். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள நகலையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். என்னென்ன போனது என்று கண்டுபிடிக்க அந்த நகல் தேவைப்படும்.